ஒலிபெருக்கியில் ஓர் ஊர்ப்பெயர்

பொலிஸ்காரிக்குப் பயமே கிடையாது என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் என்னோடு வந்து இருந்து பார்க்க வேண்டும். எனக்குப் பயம் வயிற்றில்தான் வரும். வெளியே சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். உள்ளே குடல் சுருண்டு கிடக்கும். எனக்கு வாய் நீளம் என்று நிலையத்தில் எல்லாரும் சொல்வார்கள். பயந்தால் அது இன்னும் கொஞ்சம் நீளும். அந்த விஷயம் மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். சீருடையோடு முதல் தடவை எங்கள் வரிசை வீட்டு லயத்துக்குப் போனபோது பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாரையோ பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று நினைப்பு. "ஏங்க, நான்தாங்க!" என்று முற்றத்தில் நின்று கத்தினேன். ஒரு கதவு திறந்தது, பிறகு எல்லாக் கதவும் திறந்தன. எங்கள் ஆட்களுக்குப் பொலிஸ் என்றால் அவ்வளவு நம்பிக்கை.

அட்டன் பக்கத்தில் நான் வேலை செய்த நிலையத்தில் தமிழ் பேசுகிற பெண் சார்ஜன்ட் நான் ஒருத்திதான். தோட்டத்துப் பெண் யாராவது அழுதுகொண்டு வந்தால் உடனே எனக்கு ஆள் வரும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், காணாமல் போன மகள், பக்கத்துக் காம்பராக்காரியோடு கோழிச் சண்டை என்று எல்லாம் என் தலையில். திட்டிக்கொண்டே செய்வேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த பெரிய கவலை கால் வலி.

பிறகு மலைக்கு ஐஸ் வந்தது. ஐஸ் என்றால் குளிர் இல்லை, போதைத்தூள். கொழும்புப் பக்கத்துப் பாதாள உலக ஆட்கள் சுற்றுலாப் பயணிகள் வருகிற பாதை வழியாகவே அதைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துப் பாதைகள் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. அதனால் அவர்கள் ஆட்டோ ஓட்டுகிற பையன்களைப் பிடித்தார்கள். "இந்தப் பார்சல அந்தக் கடையில குடுத்துரு" என்பார்கள். அவ்வளவுதான் வேலை.

றொசல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் அப்படி ஒருவன் இருந்தான். முதலில் என்னவென்று தெரியாமல் கொண்டுபோனான். தெரிந்ததும் முடியாது என்றான். கல்யாணம் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மாலை மனைவியை ஏற்றிக்கொண்டு டவுனிலிருந்து வரும்போது, தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில் ஆட்டோவை மறித்து அவனை வெட்டிப் போட்டார்கள். பின் இருக்கையில் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

அந்த வளைவுக்கு மேலே கொழுந்து நிறுக்கிற இடம் இருக்கிறது. எத்தனையோ பேர் அங்கே நின்றிருக்கிறார்கள். விசாரித்தபோது ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! "நாங்க ஒன்னும் பாக்கலைங்க." அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் மறுநாளும் அதே பாதையில்தான் வேலைக்குப் போக வேண்டும். அவள் மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்து, "நான் பாத்தேன் அக்கா. கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன்" என்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். அடி பாவி, உனக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டியவனை நாங்கள் பிடித்தோம். மற்றவர்கள் வெளியே இருந்தார்கள். அவள் சாட்சி சொன்னால்தான் வழக்கு. அவள் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இது எங்களுக்குத் தெரிந்த மாதிரியே அவர்களுக்கும் தெரியும். வழக்கு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும்வரை அவளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் பொறுப்பதிகாரி ஓய்வுபெறுகிற வயதிலிருந்த சிங்களவர். எதையும் மெதுவாகப் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குப் பொறுமை போய்விடும். அவர்தான் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். பட்டிப்பொலயில், ரயில் நிலையத்துக்குச் சற்றுக் கீழே. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் அங்கே இருந்தார்கள், பிள்ளைகள் வெளியூரில். உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பொறுப்பதிகாரியும், நானும், வேன் ஓட்டுகிற அண்ணனும்தான். நிலையத்தில் வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது என்றார். அதற்கு முன் ஒரு வீட்டைச் சோதனை போடப் போனபோது, நாங்கள் போவதற்குள் அந்த வீட்டைக் கூட்டிக் கழுவி, வாசலில் கோலமும் போட்டு வைத்திருந்தார்கள். எங்களில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து என்னோடு சோறு பகிர்ந்து சாப்பிடுகிறவனாகக்கூட இருக்கலாம். கள்ளனைப் பார்த்துப் பயப்படலாம், அது பழகிப்போகும். கூட வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பயப்படுவது பழகவே இல்லை.

அவளைக் கொண்டுபோய் விட்டு வந்த சில நாட்களில் என் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. தெரியாத குரல். எவ்வளவு மரியாதை! "மிஸ், சுகமா இருக்கீங்களா? பூண்டுலோயாவுல மழ எப்படிங்க? அம்மாவுக்கு முழங்கால் வலின்னு கேள்விப்பட்டோம். பாத்துக்கங்க மிஸ்." நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மிஸ்" என்று வைத்தான். கைபேசியை வைத்த கையோடு அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, வீட்டுக்கூரை பழுது பார்க்க வேண்டும் என்றேன்.

சரி, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு வருகிறேன். அவர் தோட்டத்து மேல் லயத்தில் தனியாக இருந்தார். புருஷன் இல்லை, இவள் ஒரே மகள். மகள் எங்கே என்று சொல்லக் கூடாது என்பது பொறுப்பதிகாரியின் உத்தரவு. ஒவ்வொரு முறை நான் போகும்போதும் பால் போடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "புள்ள சாப்புடுதா மிஸ்?" என்று கேட்பார். "நல்லா சாப்புடுறா" என்பேன். மேலே ஒன்றும் கேட்க மாட்டார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்தேன். கேட்காததற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் அந்த வீட்டுக்காரரின் கைபேசியில் ஒரு தடவை பேசியிருக்கிறாள். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று அம்மா அழ, மகள் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டாள்.

தோட்டத்துத் திருவிழா வந்தது. பொலிஸ் பாதுகாப்புக்கு என்னையும் இரண்டு கான்ஸ்டபிள்களையும் போட்டார்கள். எங்கள் திருவிழாக்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மன் தேர் டிவிசன் டிவிசனாக ஊர்வலம் போகும். கோயிலிலோ ஒலிபெருக்கி ஓயாது. மலையின் நான்கு பக்கமும் கேட்கிற மாதிரி மரத்தில் உயரக் கட்டியிருப்பார்கள். பூசைக்குப் பூசை, யார் மாலை கொடுத்தது, யார் சேலை சாத்தியது, யார் அன்னதானத்துக்கு அரிசி போட்டது என்று பெயர் சொல்லுவார்கள். பெயரோடு ஊரும் சொல்ல வேண்டும். அதுதான் முக்கியம். "தற்பொழுது கொழும்பில் தொழில் புரியும்", "தற்பொழுது சவூதி அரேபியாவில் பணிபுரியும்" என்று வரும். பிள்ளைகளில் பாதிப் பேர் வெளியில்தானே இருக்கிறார்கள். திருவிழாவுக்கு வர முடியாத பிள்ளையின் பெயரும் ஊரும் மலையெல்லாம் கேட்கும்போது பெற்றவர்களுக்கு அந்தப் பிள்ளை வந்து நின்ற மாதிரி. எங்கள் அம்மாகூட, நான் மட்டக்களப்பில் வேலை செய்த காலத்தில், ஒலிபெருக்கிக்காரரிடம் ஊர்ப்பெயரைப் பல தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு வருவார். பிழையாகச் சொல்லிவிட்டால் ஒரு மாதத்துக்குப் புலம்பல்.

நண்பகல் பூசை நேரம். தேர் கோயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பால்குடம் எடுத்தவர்களுக்கு வழிவிடச் சொல்லிக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "கொஞ்சம் தள்ளுங்க அண்ணே! குடத்துல இடிச்சிறாதீங்க!" அப்போது தலைக்கு மேல் அந்தக் குரல் வந்தது. கல்யாணம், சடங்கு, தேர்தல் எல்லாவற்றுக்கும் பேசுகிற அதே அண்ணன்தான்.

"அடுத்ததாக, அம்பாளுக்குப் பட்டுச் சேலை சாத்துபவர், நமது மேல் லயத்தைச் சேர்ந்த..." என்று அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். "...அவர்களின் அன்பு மகள், தற்பொழுது பட்டிப்பொலயில் வசித்து வரும்..." என்று அவள் பெயரையும் சொன்னார்.

நான் பிழையாகத்தான் கேட்டிருப்பேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த அண்ணனுக்குத் தன் குரல் மேல் அவ்வளவு ஆசை. இன்னொரு தடவையும் சொன்னார். முழுசாக, ஊரோடு.

கூட்டத்தைப் பார்த்தேன். எல்லாரும் தேரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தப்புச் சத்தத்தில் யார் இதைக் கேட்டிருக்கப் போகிறார்கள், கேட்டாலும் யாருக்கு என்ன விளங்கப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டே கண்ணை ஓட்டினேன். ஐஸ்கிரீம் வேனுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இரண்டு பேர். தேர் அவர்கள் முன்னால்தான் போனது. அவர்கள் தேரைப் பார்க்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏற்கனவே காதில் கைபேசியை வைத்திருந்தான்.

அவர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கலாமே என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. எதற்காக நிறுத்துவது? திருவிழா பார்த்ததற்கா? நிறுத்தினால் அந்த ஊர்ப்பெயர் சரிதான் என்று நானே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி. செய்தியோ கைபேசியில் போய்விட்டது. நான் வாயை மூடிக்கொண்டு, வேறு பக்கம் பார்க்கிற மாதிரி நின்றேன். அவர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

அந்த அம்மா கோயில் வாசலில் கையில் தேங்காய்த் தட்டோடு நின்றார். நல்ல சேலை, தலை நிறையப் பூ. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"கேட்டீங்களா மிஸ்? ரெண்டு தடவ சொன்னாரு."

"யாரும்மா ஊரச் சொல்லச் சொன்னது?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நாந்தான். ஊரு என்னன்னு கேட்டாருங்க. எல்லாரு புள்ளைக்கும் ஊரு சொல்றாங்க. எம்புள்ளைக்கு மட்டும் ஊரு இல்லன்னா, செத்துப்போச்சுன்னு நெனச்சிற மாட்டாங்களா?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது அவருக்கு. தட்டு சாய்ந்து தேங்காய் மூடி உருண்டு ஓடியது. "ஐயோ சாமி" என்றார். நான் அவரைக் கட்டிப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். "வீட்டுக்குப் போங்க, கதவப் பூட்டுங்க, யார்கிட்டயும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினேன். ஒரு கான்ஸ்டபிளை அவரோடு அனுப்பினேன். அந்தக் கான்ஸ்டபிளையும் நம்பலாமா என்று ஓடும்போதே ஒரு சந்தேகம்.

பொறுப்பதிகாரியைக் கைபேசியில் அழைத்துச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவர் வேகமாகப் பேசினார். அந்தப் பக்கத்து நிலையத்துக்குச் சொல்லாதே, யார் காதுக்குப் போகும் என்று தெரியாது, நீயே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பட்டிப்பொல வீட்டுக்காரரின் கைபேசிக்கு அழைப்பு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி எடுத்தேன். அடித்தது. அவர்கள் பகலில் தோட்டத்தில் இருப்பார்கள், கைபேசி வீட்டு அலமாரியில் இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மணிக்கும் அந்த வீட்டுக்குள் யாரோ நின்று அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே எனக்குத் தோன்றியது.

வேன்கார அண்ணன் அதிகம் பேசாதவர். வெற்றிலையை மென்றுகொண்டு, "ரோட்டால போனா அவனுங்கள நாம பிடிக்க ஏலாது தங்கச்சி. மோட்டார் சைக்கிளு. அவனுங்களுக்கு நுவரெலியாவுல ஆளு இருந்தா இன்னும் சுருக்கா போயிருவானுங்க" என்றார். நான் அவர் மேல் பாய்ந்தேன். "அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? பறக்கவா?" அவர் கோபிக்கவில்லை. "டேசன்ல கேட்டுப் பாப்போம்" என்றார். "ரயில்காரனுங்களுக்கு டேசனுக்கு டேசன் தனி போன் இருக்கு."

அட்டன் ரயில் நிலையத்துக்குள் ஓடினேன். சீருடை தெரியாமலிருக்க அண்ணனின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் வெற்றிலையும் பெட்ரோலும் மணத்தன. என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. எங்கள் மலையில் எந்தக் கதவையும் திறக்கிற செய்தி ஒன்றுதான்: சாவு. சாவு என்றால் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லாரும் வழிவிடுவார்கள். "பட்டிப்பொலயில் என் தங்கை இருக்கிறாள். எங்கள் அம்மா சாகக் கிடக்கிறார். அடுத்த ரயிலில் அவளை ஏற்றி அனுப்பச் சொல்ல வேண்டும்" என்று சிங்களத்தில் அழுதேன். அழுகை நடிப்பில்லை. அங்கிருந்த அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தப் பழைய தொலைபேசியில் பட்டிப்பொலயைக் கூப்பிட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, மரியாதையாக வெளியே போய் நின்றார்.

மறுமுனையில் ஒரு குரல். யார், எப்படிப்பட்டவர், ஒன்றும் தெரியாது. யாரையும் நம்பாதே என்று எனக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது இந்தக் குரலைத் தவிர எனக்கு வேறு நாதியில்லை. வீட்டின் அடையாளம் சொன்னேன். தங்கை தோட்டத்தில் இருப்பாள், உடனே ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டும் என்றேன். நானு ஓயாப் பக்கம் இறங்குகிற ரயில் சற்று நேரத்தில் வரும் என்றார். அதில் ஏற்றிவிடுங்கள், நான் நானு ஓயாவில் நிற்பேன் என்றேன். பிறகு தயங்கித் தயங்கி, "அவளைச் சனத்தோடு உட்கார வைக்காதீர்கள். கடைசியில் இருக்கிற ரயில் கார்டின் பெட்டியில் ஏற்றுங்கள். கதவை உள்ளால் பூட்டச் சொல்லுங்கள்" என்றேன்.

அந்தக் குரல் என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டது.

"நங்கி, உண்மையைச் சொல். இது சாவு விஷயம்தானா?"

"சாவு நடக்காமல் இருக்கத்தான் அண்ணா."

"நானே போகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நானு ஓயா வரைக்கும் போன பாதையைப் பற்றி என்னிடம் கேட்டால் ஒன்றுமே ஞாபகம் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன. எங்களைத் தாண்டிப் போன ஒவ்வொன்றையும் அவர்கள்தான் என்று நினைத்தேன். அந்த வீட்டுக் கைபேசியில் மணி அடித்தது, அடித்தது, அடித்தது. அந்தப் பட்டிப்பொல ரயில் நிலைய அதிகாரி இந்நேரம் யாருக்காவது தகவல் சொல்லிக்கொண்டிருந்தால்? அவளை ரயிலில் ஏற்றாமல் அவர்களிடமே கையைப் பிடித்துக் கொடுத்தால்? நான் சாமி கும்பிடுகிறவள்தான். அன்றைக்கு அம்மன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உனக்குப் பட்டுச்சேலை கொடுக்கப் போய்த்தானே இந்தக் கதி என்று அவளோடு சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

ரயில் வந்தது. நானு ஓயா மேடையில் ஒரே வெள்ளைக்காரர் கூட்டம். ஒருத்தி ரயில் கதவில் தொங்கிக்கொண்டு சிரிக்க, இன்னொருத்தன் படம் எடுத்தான். நான் அவர்களை இடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஓடினேன். கடைசியில் இருந்த கார்டின் பெட்டிக் கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். உள்ளே இருந்து சிங்களத்தில், "யார்?" என்று கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். கதவு அப்படியே பூட்டிக் கிடந்தது. அவ்வளவுதான், அவள் இதில் இல்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உள்ளே இருந்து, "அக்காதான். அது அக்கா குரல்தான்" என்று தமிழில் கேட்டது.

கதவு திறந்தது. தபால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் சேறு. காலில் முழங்கால்வரை வருகிற ரப்பர் சப்பாத்து. கிழங்குத் தோட்டத்தில் நின்றவளை அந்தப் பட்டிப்பொல அதிகாரி அப்படியே இழுத்துக்கொண்டு வந்து ஏற்றியிருக்கிறார். கார்டு கையில் ஓர் இரும்புக் கம்பியோடு நின்றார். அவரிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன். "யாருடி உன்ன அம்மாகிட்ட ஊரச் சொல்லச் சொன்னது? அறிவிருக்கா?" அவள் திட்டு வாங்கிக்கொண்டு, "அம்மாவுக்கு ஒன்னும் இல்லியே அக்கா? சாகக் கெடக்குறாங்கன்னு அந்த டேசன் மாத்தயா சொன்னாரு" என்று கேட்டாள். அது பொய் என்று அவளை நம்பவைக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அவர்கள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பிறகு அந்த வீட்டுக்காரம்மா சொன்னார். ரயில் போய்க் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். கிழங்கு விலை விசாரித்திருக்கிறார்கள். வாசலில் அந்தப் பிள்ளையின் செருப்பு கிடந்திருக்கிறது. ஒருவன் அதைக் கால் விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மே, இது யாருடைய செருப்பு?" என்று கேட்டிருக்கிறான். என்னுடையதுதான் மகனே என்று சொல்லி, அந்த வயதான மனுஷி தன் வெடித்த பாதத்தை அந்தச் சின்னச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு, அவர்கள் போகும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். அவருக்கு யார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்? பிறகு ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாராம்.

வழக்கு நடந்தது. மேல் நீதிமன்றத்தில் அவள் ஏறி நின்று, கூண்டில் நின்றவனைக் காட்டி, "இவருதான்" என்றாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எத்தனை விதமாகவோ புரட்டிக் கேட்டார். இருட்டிவிட்டதே, மழையாயிற்றே, பயந்திருப்பாயே என்றெல்லாம் கேட்டார். "பயந்தேன். பயந்ததாலதான் மறக்கல" என்றாள். நான் வாசலில் நின்று உள்ளே வருகிறவர்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டியவனுக்குத் தண்டனை கிடைத்தது. வெட்டச் சொன்னவன் எந்த நாட்டில் உட்கார்ந்து கைபேசியில் பேசுகிறான் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதனால் அவள் தோட்டத்துக்குத் திரும்ப முடியாது. வேறு ஓர் இடத்தில் வைத்தோம். இந்தத் தடவை அவளிடம் கைபேசி இல்லை. அம்மாவோடு பேச்சும் இல்லை.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சில மாதம் கழித்து மேல் லயத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு முடிவோடு போனேன். அந்த அம்மாவிடம் ஊரைச் சொல்லிவிடப் போகிறேன். உத்தரவாவது, மண்ணாவது! பெற்றவளுக்கு இவ்வளவுகூடத் தெரியாமல் எப்படி உயிரோடு இருப்பது? வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார வைத்து சாயத்தண்ணி கொடுத்தார். மெலிந்து போயிருந்தார். "புள்ள சாப்புடுதா மிஸ்?"

"சாப்புடுறா. தையல் வேல பழகுறா. அம்மா, இங்க பாருங்க. அவ எங்க இருக்கான்னு..."

என் வாயைப் பொத்தினார். உண்மையாகவே கையை வைத்துப் பொத்தினார். கொழுந்துக் கறை பிடித்த கை.

"சொல்லிறாதீங்க. காலப் புடிச்சுக் கேக்குறேன் மிஸ், சொல்லிறாதீங்க. எனக்குத் தெரிஞ்சா நான் சொல்லிப்புடுவேன். கெட்ட எண்ணத்துல இல்ல. பெருமையில சொல்லிப்புடுவேன்."

உள்ளே போய் ஒரு கம்பளி ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார். மகளுக்கு அனுப்ப வைத்திருந்தது போல. மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ஒன்னு மட்டும் கேக்குறேன். அங்க குளிருமா?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டினார். "வேணாம். அதயும் சொல்லாதீங்க." ஸ்வெட்டரை என் கையில் வைத்தார். "குளிருனா அவளுக்குக் குடுங்க. இல்லாட்டி நீங்க போட்டுக்கங்க." சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று சடாரென்று திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டார்.